வைரத்துக்குள் இரும்பு எதற்கு?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மகன், பி.எஸ்சி. வேதியியல் படிக்கிற தம்பி, இப்படிக் கேட்டிருக்கிறார். பட்டறைக்கு லேப் வைரம், அதாவது பூமியிலிருந்து தோண்டாமல் செயற்கையாக வளர்த்த வைரம், சில வந்திருக்கின்றன. அதில் லேசான மஞ்சள் நிறமுள்ள ஒரு கல், பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் நகர்ந்திருக்கிறது. அப்பா, "இது வைரமே இல்லை" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். "சார், வைரம் என்றால் வெறும் கார்பன்தானே? அதில் காந்தம் இழுக்கிற அளவுக்கு உலோகம் எப்படி வந்தது? உலோகம் சேர்க்காமல் அழுத்தத்தை மட்டும் வைத்துச் செய்ய முடியாதா?" இதுதான் கேள்வி.

முதலில் அப்பாவின் கவலைக்குப் பதில்: அந்தக் கல் வைரமாகவே இருக்கலாம். காந்தம் இழுப்பது வைரத்தை அல்ல, அது வளரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட இரும்பு, நிக்கல், கோபால்ட் துணுக்குகளை. உயர் அழுத்த, உயர் வெப்ப முறையில், அதாவது எச்.பி.எச்.டி. முறையில், வளர்ந்த கல்லுக்கு இது ஒரு அடையாளம். ஆனால் அந்த உலோகம் அங்கே என்ன வேலை பார்த்தது என்பதுதான் உண்மையில் சுவாரசியமான விஷயம். மதுரையில் பல வருடம் திண்மநிலை வேதியியல் பாடம் எடுத்தவன் நான். பாடப்புத்தகங்கள் இதை "உலோகம் வினையூக்கியாகச் செயல்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடும்போது எனக்கு மனசு கேட்காது. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் வைரமும் ஒரே அணுக்களால் ஆனவை. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று பேரோடு கை கோத்துத் தகடு தகடாக இருக்கிறது. ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் நடுவே நிறைய இடைவெளி. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பேரோடு, எல்லாப் பக்கமும் இறுகி நிற்கிறது. அதனால்தான் கிராஃபைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.26 கிராம், வைரத்தின் அடர்த்தி 3.51 கிராம். அழுத்தம் எப்போதும் இடத்தைக் குறைவாக அடைக்கிற பக்கத்துக்குத்தான் சாதகம். நாம் வாழும் சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்தான் கார்பனுக்கு நிம்மதியான நிலை. அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் வைரம் நிம்மதியான நிலையாகிவிடும்.

அந்த எல்லை வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும். 1,200 டிகிரி செல்சியஸில் சுமார் 4.9 ஜிகாபாஸ்கல், 1,400 டிகிரியில் சுமார் 5.4 ஜிகாபாஸ்கல். எண்ணாகச் சொன்னால் இது மனதில் பதியாது. 5.5 ஜிகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது நம் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், ஏறக்குறைய 56 டன் எடை. சரக்கேற்றிய ஆறு சக்கர லாரிகள் மூன்றை அந்த நகத்தின் மேல் நிறுத்திய கணக்கு.

சரி, அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் கிராஃபைட் தானாக வைரமாகிவிடுமா? ஆகாது. தம்பியின் கேள்விக்கு மையம் இங்கேதான் இருக்கிறது. எந்தப் பக்கம் போவது லாபம் என்பதை மட்டும்தான் அழுத்தம் சொல்லும். போவதற்கு வழி வேண்டும். கிராஃபைட்டில் கார்பன்கள் பிடித்திருக்கும் பிணைப்புகள் மிகவும் வலுவானவை. அவற்றைப் பிரித்து, நான்கு கையாக மாற்றிக் கட்டுவதற்கு நடுவே ஒரு பெரிய ஆற்றல் மேடு இருக்கிறது. 1,400 டிகிரியில் அந்த மேட்டை ஏற கார்பனுக்குத் தெம்பு போதாது. எத்தனை மணி நேரம் அழுத்தி வைத்தாலும் கிராஃபைட் கிராஃபைட்டாகவே உட்கார்ந்திருக்கும்.

உலோகம் இல்லாமல் நேரடியாக மாற்றவே முடியாதா என்றால், முடியும். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பிரான்சிஸ் பண்டி 1960களின் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டினார். அதற்குத் தேவைப்பட்டது சுமார் 13 ஜிகாபாஸ்கல் அழுத்தமும் 3,000 டிகிரியைத் தொடும் வெப்பமும். ஜப்பானில் எகிமே பல்கலைக்கழகக் குழு 2003இல் இதைவிட நன்றாகச் செய்து, உலோகமே கலக்காத, மிகக் கடினமான வைரத்தை அறிவித்தது. ஆனால் அப்படிக் கிடைப்பது நுண்ணிய பொடிப்படிகங்கள் பின்னிப் பிணைந்த ஒரு கட்டி. வெட்டுக் கருவிகளுக்கு அது அருமையான பொருள். மோதிரத்தில் வைக்கிற ஒற்றைப் படிகக் கல் அந்த வழியில் வராது. கிராஃபைட் இருந்த இடத்திலேயே அவசரமாக மாறுவதால் அணுக்கள் ஒழுங்காக நடந்துபோய் ஒரே படிகத்தில் சேர நேரமே இல்லை.

உலோகம் இந்த மேட்டைக் குடைந்து வழி விடுகிறது. எப்படி என்பதற்கு நம் வீட்டுப் பொருளே போதும். கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள்? சர்க்கரைப் பாகை நன்றாகக் காய்ச்சி, நூலைத் தொங்கவிட்டு, மெதுவாக ஆறவிடுகிறார்கள். பாகில் கரைந்திருக்கும் சர்க்கரை ஒவ்வொரு மூலக்கூறாக வந்து நூலில் ஒட்டிப் படிகமாக வளர்கிறது. உலர்ந்த சர்க்கரைத் தூளை எவ்வளவு அழுத்தினாலும் அப்படிப்பட்ட கற்கண்டு கிடைக்காது. அணு அணுவாகப் பிரிந்து, நகர்ந்து, வேறு இடத்தில் போய் அடுக்கிக்கொள்ள ஒரு திரவம் வேண்டும். சர்க்கரைக்குத் தண்ணீர். கார்பனுக்கு உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட்.

உருகிய இரும்பில் கார்பன் கரையும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் 3 சதவீதத்துக்கு மேல் கார்பன் உண்டு. உருகிய நிலையில் அது இரும்போடு கரைந்து கிடந்தது. ஆறும்போது கரைசலில் தங்க முடியாத கார்பன் வெளியே வந்தாக வேண்டும். சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்தானே நிம்மதியான நிலை? அதனால் மெல்லிய கிராஃபைட் செதில்களாக வெளியே வந்துவிடும். தோசைக்கல்லை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். அதே இரும்பு, அதே கார்பன். அந்த உருக்குழம்பை 5.5 ஜிகாபாஸ்கலில் வைத்திருந்தால் வெளியே வருகிற கார்பன் வைரமாக வரும்.

பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் 1893இல் உருகிய இரும்பில் கார்பனைக் கரைத்து, சட்டென்று குளிரவைத்து, அதனால் உள்ளே உண்டாகும் இறுக்கத்தில் வைரம் பிறக்கும் என்று நம்பினார். கரைப்பானை அவர் சரியாகத்தான் பிடித்தார். அழுத்தம்தான் எட்டவில்லை. அவருடைய முடிவைப் பின்னால் வந்தவர்கள் யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை. 1939இல் ஓவ்சே லெய்புன்ஸ்கி என்ற சோவியத் விஞ்ஞானி, வைரம் நிலைக்கும் எல்லை எங்கே என்று கணக்குப் போட்டு, இரும்பு போன்ற உருகிய உலோகத்தைக் கரைப்பானாக வைத்தால் வேலை நடக்கும் என்றும் எழுதிவிட்டார். கையில் அழுத்தக் கருவி இல்லாத காலத்தில் காகிதத்திலேயே இவ்வளவு தூரம் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. சுவீடனின் ஏ.எஸ்.இ.ஏ. (ASEA) நிறுவனம் 1953 பிப்ரவரியில் வைரத்தைச் செய்துவிட்டது, ஆனால் வெளியே சொல்லவில்லை. 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ட்ரேசி ஹால், தான் வடிவமைத்த பெல்ட் பிரஸ் என்ற அழுத்தக் கருவியில் செய்தார். 1955 பிப்ரவரியில் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஹால் அந்த முதல் சோதனையில் கார்பனோடு வைத்தது ட்ராய்லைட் என்ற இரும்பு சல்பைடு. படிகங்கள் டான்டலம் தகட்டில் ஒட்டியபடி மின்னின. இந்த இரும்பு சல்பைடை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இனி அழுத்தக் குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பைரோஃபில்லைட் என்று மாக்கல் போல மென்மையான ஒரு கல். அதைக் கனசதுரமாக அறுத்து, நடுவில் துளை போட்டு, கிராஃபைட்டையும் உலோகத்தையும் வைத்து, ஆறு பக்கமும் டங்ஸ்டன் கார்பைடு முனைகளால் நெருக்குகிறார்கள். உலகத் தொழிற்சாலை வைரத்தில் மிகப் பெரும் பங்கு வரும் சீனாவில் இந்த ஆறுமுனை பிரஸ்தான் எங்கும். மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றியதும் உலோகம் உருகி கிராஃபைட்டைத் தொட்டுக் கரைக்கிறது. ஒரே உருக்குழம்பில், அந்த அழுத்தத்தில், கிராஃபைட் அதிகமாகக் கரையும், வைரம் குறைவாகக் கரையும். நிம்மதியில்லாத நிலைதான் அதிகமாகக் கரையும். ஆகவே கிராஃபைட்டுக்கு "இனி இடமில்லை" என்கிற அளவுக்கு நிறைந்த குழம்பு, வைரத்தின் கணக்கில் அளவுக்கு மிஞ்சி நிறைந்த குழம்பு. அந்த மிச்சம் வைரமாகப் படிகிறது. படிந்ததும் குழம்பில் இடம் காலியாகிறது, இன்னும் கொஞ்சம் கிராஃபைட் கரைகிறது. வளரும் வைரத்துக்கும் கிராஃபைட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய உலோகப் படலம், சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில், நகர்ந்துகொண்டே இருக்கும். கிராஃபைட்டைத் தின்றுகொண்டே முன்னே போகும், பின்னால் வைரத்தை விட்டுக்கொண்டே போகும்.

எந்த உலோகமும் இதற்கு ஆகுமா? ஆகாது. இரும்பு, கோபால்ட், நிக்கல், பிளாட்டினம் குடும்பம், மாங்கனீஸ், குரோமியம், டான்டலம் ஆகியவை ஜெனரல் எலெக்ட்ரிக் குழு அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்த பட்டியல். செம்பு தனியாக வேலை செய்யாது, அதில் கார்பன் கரைவதே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. டைட்டானியம் நேர் எதிர். கார்பனைப் பிடித்தால் விடாது, கார்பைடாக இறுக்கிக் கட்டிக்கொண்டுவிடும். வேலைக்கு ஆகிற உலோகம் கார்பனைத் தாராளமாக வாங்கவும் வேண்டும், கேட்டதும் விடவும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு. உலோகம் வெறும் கரைப்பானா, உண்மையான வினையூக்கியா? வினையூக்கிக் கட்சியில் ஒரு சாரார் சொன்ன காரணம், நிக்கல் படிகத்தின் அணு இடைவெளி வைரத்தின் இடைவெளியோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்பது. நிக்கலின் அலகுக் கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியின் பக்கம், 3.52 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), வைரத்தினுடையது 3.57. அதனால் நிக்கல் ஒரு அச்சு மாதிரி இருந்து கார்பனை வைரமாக அடுக்க வைக்கிறதாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செம்பைப் பாருங்கள், 3.61. அதுவும் அவ்வளவே நெருக்கம், தனியாக வைரம் தராது. பிளாட்டினம் 3.92, பொருத்தமே இல்லை, ஆனாலும் வேலை செய்கிறது. போதாததற்கு வேலை நடக்கும்போது உலோகம் உருகிக் கிடக்கிறது, அதற்கு ஏது ஒழுங்கான அச்சு? என் முடிவு, பெரும்பங்கு கரைப்பான் வேலைதான். ஆனால் கரைந்த கார்பனின் பழைய பிணைப்புகளைத் தளர்த்தி, நான்கு கைக்குத் தயாராக்குவதில் இந்த உலோகங்களின் முழுமையாக நிறையாத டி எலெக்ட்ரான் கூட்டுக்கும் (எலெக்ட்ரான் சேர இன்னும் இடம் மிச்சமுள்ள அடுக்கு) பங்கு உண்டு. துறைக்காரர்கள் "கரைப்பான்-வினையூக்கி" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான். தேர்வில் அப்படியே எழுதுங்கள், தப்பில்லை.

நடைமுறையில் தனி உலோகத்தைவிடக் கலவைதான் அதிகம். இரும்பு-நிக்கல், அல்லது நிக்கல் 70, மாங்கனீஸ் 25, கோபால்ட் 5 என்ற விகிதம். காரணம் பணம்தான். தனி இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். கார்பன் சேர்ந்தாலே உருகுநிலை நன்றாக இறங்கும், சரியான கலவையில் வேலை செய்யும் வெப்பநிலையையே கீழே கொண்டுவரலாம். வெப்பம் 200 டிகிரி குறைந்தால் எல்லை அழுத்தம் அரை ஜிகாபாஸ்கல் குறைகிறது என்று மேலே பார்த்தோம் அல்லவா? அந்த அரை ஜிகாபாஸ்கல்தான் டங்ஸ்டன் கார்பைடு முனை அடிக்கடி வெடிக்குமா, நீண்ட நாள் உழைக்குமா என்பதை முடிவு செய்வது.

பொடி வைரத்துக்கு இந்தப் படல முறை போதும், சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பட்டறைக்கு வந்தது போன்ற பெரிய கல்லுக்கு வேறு ஏற்பாடு. அடியில் ஒரு சின்ன வைர விதை, அதன் மேல் உலோகக் குழம்பு, அதற்கும் மேல் கார்பன். மேல்பகுதியை விதையைவிட 20 முதல் 50 டிகிரி அதிகச் சூட்டில் வைப்பார்கள். சூடான இடத்தில் கரைகிற கார்பன், குளிர்ந்த விதையில் வந்து படியும். கற்கண்டு நூலேதான். மேலே கார்பனாக வைப்பதும் பெரும்பாலும் வைரப்பொடிதான். கிராஃபைட் வைத்தால் அது வைரமாக மாறும்போது சுருங்கி, குடுவையின் அழுத்தம் இறங்கிவிடும். ஜெனரல் எலெக்ட்ரிக் 1970இல் இப்படி 1 காரட் அளவுக் கற்களை வளர்த்துக் காட்டியது. அப்போது ஒரு கல்லுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்தக் காந்தம் சாட்சி. படிக முகம் மெதுவாக முன்னேறினால் உலோகக் குழம்பு ஒதுங்கி வழிவிடும். வேகமாக வளர்ந்தால் ஓரங்கள் முந்திக்கொள்ளும், நடுவே பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் குழம்பு சிக்கி உறைந்துவிடும். உங்கள் கல்லை லூப்பில், அதாவது நகைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியில், பார்த்தால் கறுப்பாகவோ, வெளிச்சத்தில் உலோகப் பளபளப்போடோ, ஊசி அல்லது தகடு போலத் துணுக்குகள் தெரியும்.

மஞ்சள் நிறமும் இதே கதையின் இன்னொரு பக்கம். குடுவைக்குள் மாட்டிய காற்றில் இருக்கும் நைட்ரஜன் உருக்குழம்பில் கரைந்து, கார்பனோடு சேர்ந்து தனித்தனி அணுவாக வைரத்துக்குள் போய் உட்காரும். நீல ஒளியை அது உறிஞ்சுவதால் கல் மஞ்சளாகத் தெரியும். வெள்ளைக் கல் வேண்டுமென்றால் குழம்பில் கொஞ்சம் அலுமினியமோ டைட்டானியமோ சேர்ப்பார்கள், அவை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் டைட்டானியம் கார்பனையும் பிடிக்கும், அப்போது உண்டாகும் கார்பைடு துகள்கள் கல்லுக்குள் போய்க் கெடுக்கும். அதைத் தடுக்கக் கொஞ்சம் செம்பு சேர்க்கிறார்கள் ஜப்பானியர்கள். தனியாக ஒன்றுக்கும் ஆகாது என்று மேலே தள்ளிவைத்த செம்பு இங்கே துணைக்கு வருகிறது. போரான் போனால் நீலம். நிக்கலே கூட அணு அளவில் உள்ளே போய்ப் பச்சைச் சாயல் தருவதுண்டு.

நம் ஊரில் இந்த வைரம் நகையைவிட அதிகமாகப் புழங்குவது மேலூர்ப் பக்கம். காஷ்மீர் ஒயிட் என்று விற்கிற கிரானைட் நம் மதுரைப் பக்கத்துக் கல்தான். அதை அறுக்கும் பிளேடின் ஓரத்தில் இருக்கும் செக்மென்ட்டுகளில் எச்.பி.எச்.டி. வைரத்தூள் கோபால்ட், இரும்பு, வெண்கலப் பொடியோடு சேர்த்துச் சூட்டில் இறுக்கப்பட்டிருக்கிறது. கிரானைட் அறுக்கும் தூளுக்கு நல்ல கட்டுமஸ்தான வடிவம் வேண்டும், கனசதுரமும் எண்முகியும் கலந்த படிகம். வெப்பநிலை குறைவாக இருந்தால் கனசதுர முகம், கூடினால் எண்முக முகம் என்று உலோகக் குழம்பின் சூட்டை வைத்தே அந்த வடிவத்தை முடிவு செய்கிறார்கள். உள்ளே உலோகத் துணுக்கு அதிகமிருந்தால், செக்மென்ட் செய்யும் சூட்டிலேயே அது வைரத்தைவிடப் பல மடங்கு விரிந்து தூளை உள்ளிருந்து பிளந்துவிடும். உங்கள் கல்லில் ஒரு சின்னக் குறையாகத் தெரிவது அங்கே பிளேடின் ஆயுளையே பாதியாக்கும்.

இன்னொரு விஷயத்தை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். உலோகம் திறந்துவிடும் வழி ஒருவழிப் பாதை அல்ல. அழுத்தம் இருக்கும்போது கிராஃபைட்டிலிருந்து வைரத்துக்கு அழைத்துப்போன அதே இரும்பு, அழுத்தம் இல்லாமல் சூடு மட்டும் இருந்தால் வைரத்திலிருந்து கிராஃபைட்டுக்குத் திருப்பி அழைத்துப்போகும். வைரக் கருவியால் எஃகை வேகமாகக் கடைய முடியாததற்குக் காரணம் இதுதான், உரசும் சூட்டில் இரும்பு வைரத்தைக் கரைத்துத் தின்றுவிடும். கோபால்ட் வைத்து ஒட்டிய வைரக் கட்டிக் கருவிகள் 700 டிகிரிக்கு மேல் தாங்காமல் போவதும் இதனால்தான். ஆகவே உலோகத் துணுக்குள்ள கல்லைப் பதித்த நகையை ஊதுவிளக்கில் காட்டிப் பற்றவைக்கும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். முடிந்தால் கல்லைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

அந்த இரும்பு சல்பைடுக்கு வருகிறேன். 2016இல் எவன் ஸ்மித் என்பவரின் குழு, கல்லினன் போன்ற மிகப் பெரிய இயற்கை வைரங்களை வெட்டும்போது மிஞ்சிய துண்டுகளை ஆராய்ந்தது. உள்ளே சிக்கியிருந்தது இரும்பு, நிக்கல், கார்பன், கந்தகம் சேர்ந்து உறைந்த உலோகக் குழம்பு. பூமிக்குள் 360 முதல் 750 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய உலோகத்தில் கரைந்த கார்பனிலிருந்து அந்தக் கற்கள் வளர்ந்திருக்கின்றன. ஹால் 1954இல் இரும்பு சல்பைடை வைத்துச் செய்ததை பூமி எப்போதோ செய்து வைத்திருக்கிறது. 2024இல் தென்கொரியாவில் ராட்னி ருவோஃப் குழு, காலியம், இரும்பு, நிக்கல், சிலிக்கான் கலந்த உருக்குழம்பில் மீத்தேன் வாயுவைச் செலுத்தி, 1,025 டிகிரியில், சாதாரண அழுத்தத்திலேயே வைரப் படலத்தை வளர்த்துவிட்டது. அங்கே வைரம் நிம்மதியான நிலையே இல்லை, ஆனாலும் உலோகம் அதை அடுக்கிவிடுகிறது. மேற்படிப்புக்கு ஒரு தலைப்பு தேடினால் இதைப் பாருங்கள் தம்பி, இன்னும் முழுமையாக விளங்காத இடம்.

பட்டறை விஷயத்துக்கு: கல்லை ஒரு சின்ன தெர்மாகோல் துண்டில் வைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, காந்தத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள். துண்டு காந்தத்தைத் தேடி வந்தால் எச்.பி.எச்.டி. கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு. வராவிட்டால் இயற்கைக் கல் என்று முடிவு கட்டாதீர்கள், நிதானமாக வளர்த்த கல்லில் துணுக்கே இருக்காது, சி.வி.டி. முறையில் வாயுவிலிருந்து வளர்த்த கல்லில் உலோகத்துக்கு வேலையே இல்லை. கடையில் வைத்திருக்கும் டைமண்ட் டெஸ்டர் பேனா இதில் உதவாது. அது வெப்பம் கடத்துவதைப் பார்த்து வைரம் என்று மட்டும் சொல்லும், லேப் கல்லும் வைரம்தானே. வெள்ளைக் கல்லாக இருந்தால் குறுகிய அலைப் புற ஊதா விளக்கில் காட்டி, விளக்கை அணைத்ததும் இருட்டில் நீலமாக மினுங்குகிறதா என்று பாருங்கள், போரான் கலந்த எச்.பி.எச்.டி. கற்கள் பல அப்படி மினுங்கும். விலை உள்ள கல் என்றால் ஆய்வகச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அப்பா ஒதுக்கி வைத்த அந்த மஞ்சள் கல்லையும் சேர்த்து அனுப்புங்கள்.